பிடித்த படத்தை மீண்டும் வாங்குமுன்

லண்டனிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ கொழும்பு வெள்ளவத்தைக்கு வரும் உறவினரிடம், ஏற்கனவே டிவிடியில் வைத்திருக்கும் பிடித்த படத்தின் புளூ-ரே இறுவட்டு வாங்கிவரச் சொல்கிறீர்களா? உறையின் பின்புறத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். புளூ-ரேக்கு உலகம் மூன்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது: இலங்கை 'சி', பிரித்தானியா 'பி', கனடா 'ஏ'. வேறு வலயத்தில் மட்டும் ஓடும்படி பூட்டப்பட்ட இறுவட்டு இங்கு வாங்கிய பிளேயரில் ஓடாது. மூன்று எழுத்துகளும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். புளூ-ரேயைவிடத் துல்லியமான 4கே அல்ட்ரா எச்டி இறுவட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அவற்றுக்கு 4கே பிளேயர் கட்டாயம். அதே பெட்டியில் வரும் சாதாரண புளூ-ரேக்குப் பூட்டு இருக்கக்கூடும்.

எல்லாப் படங்களையும் மீண்டும் வாங்க வேண்டியதில்லை. 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்து, மூல நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்த பழைய படங்களையே முதலில் தேடுங்கள். 576 வரி டிவிடியில் மங்கிப்போன துணியின் நெசவும் முகத்தின் ரேகையும் அவற்றில் உயிர்பெற்று வரும். பார்த்தால் மனம் நிறையும். 2000களில் 2கே அளவில், அதாவது ஏறக்குறைய புளூ-ரேயின் துல்லியத்தில், முடிக்கப்பட்ட படங்களில் 4கே என்பது பெரும்பாலும் பெரிதாக்கிய பிம்பமே. அவற்றுக்கு 1080 வரிப் புளூ-ரே தாராளமாகப் போதும்.

பழைய டிவிடியை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இயக்குநரின் விளக்கவுரை, நீக்கப்பட்ட காட்சிகள் போன்றவை புதிய பதிப்பில் இல்லாமல் போவதுண்டு.