வாய்ப்பாட்டில் மிச்சம் ஆறே ஆறு

பேத்தி மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்லுமுன், காலண்டர் தாளின் பின்பக்கம் பத்துக்குப் பத்து கட்டம் போட்டுக் கொடுத்தேன். 1, 2, 5, 10 வரிசைகளைக் குறுக்கிலும் நெடுக்கிலும் அவளையே அடிக்கச் சொன்னேன். அவை எளிதில் வந்துவிடும். மீதி 36 கட்டம்.

புளியங்கொட்டையை வரிசைக்கு நாலாக மூன்று வரிசை அடுக்குங்கள். பிள்ளை எழுந்து பக்கவாட்டில் வந்து பார்க்கட்டும்: இப்போது மும்மூன்றாக நாலு வரிசை. 3×4, 4×3 இரண்டும் ஒன்றே என்று கண்ணால் பார்த்துவிட்டால் 36 என்பது 21 ஆகிவிடும்.

ஒன்பதுக்கு விரல் போதும். உள்ளங்கைகள் தன் முகத்தைப் பார்க்க இரு கையையும் விரிக்கட்டும். 9×7 என்றால் இடது கட்டைவிரலிலிருந்து எண்ணி ஏழாவது விரலை மடக்க வேண்டும். இடப்பக்கம் 6, வலப்பக்கம் 3. விடை 63. (விரல்விட்டு எண்ணினால் கோபப்படும் வாத்தியார்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.)

நாலு என்றால் இருமுறை இரட்டி, எட்டு என்றால் மும்முறை. 8×7க்கு 14, 28, 56. பலரைத் திணறடிக்கும் இந்த ஏழெட்டுக்கு இன்னொரு பிடியும் உண்டு: 5, 6, 7, 8 என்று எழுதிப் பாருங்கள், 56 = 7×8.

இனி மிச்சம் ஆறுதான்: மும்மூன்று 9, மூவாறு 18, மூவேழு 21, ஆறாறு 36, ஆறேழு 42, ஏழேழு 49. இவற்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். கேட்கும்போது வரிசை மாற்றிக் கேளுங்கள், தலை பின்னும்போது இரண்டு, சாப்பிடும்போது இரண்டு.