லேப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கு: ரத்தம் எடுக்கும் மேசையில் கற்க வேண்டியவை

குமரி மாவட்டத்தில் டி.எம்.எல்.டி., பி.எஸ்சி. எம்.எல்.டி. என்ற மருத்துவ லேப் படிப்புகளைப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கு இரண்டு திசை உண்டு. ஒன்று நாகர்கோவில் பக்கம்: ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தனியார் ஆஸ்பத்திரிகளும். இன்னொன்று கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம். எந்தப் பக்கம் போனாலும் தொடக்கத்தில் பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் மேசையில்தான் உட்கார வைப்பார்கள். அனலைசர் (பரிசோதனை மெஷின்) பக்கம் விடவில்லையே என்று பலர் வருந்துவதுண்டு. வருந்த வேண்டாம். ரிப்போர்ட்டில் வரும் பிழைகளில் பெரும்பங்கு, சாம்பிள் மெஷினுக்குள் போகும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அதைத் தடுக்கும் கை உங்களுடையது.

போவதற்கு முன்

முதல் வேலை ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். கடைசி டோஸ் முடிந்து ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் ஆன்டி-எச்.பி.எஸ். (தடுப்பூசியால் உருவான எதிர்ப்பு அளவு) பார்க்க வேண்டும், 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. ஆக, பயிற்சிக்கு ஏழெட்டு மாதம் முன்பே தொடங்கினால்தான் கணக்குச் சரியாக வரும். முதலாம் ஆண்டிலேயே போட்டுக்கொள்வது நல்லது. ரிப்போர்ட்டின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

கல்லூரிக் கடிதத்தைக் கொடுக்கும்போதே நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம், நைட் டூட்டி உண்டா, லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) யார் கையெழுத்திடுவார், ஊசி குத்திவிட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது. கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம், மிக முக்கியமானது அதுதான். பயிற்சிக் காலம் முழுதும் கலெக்‌ஷன் மேசையிலேயே வைத்திருக்கும் இடமாகத் தெரிந்தால் வேறு இடம் பாருங்கள். ஹெமட்டாலஜி (ரத்த அணுக்கள்), பயோகெமிஸ்ட்ரி (சர்க்கரை, உப்பு போன்றவை), மைக்ரோபயாலஜி (கிருமிகள்) மூன்றும் சுற்றி வரும் பட்டியல் இருக்க வேண்டும்.

தினமும் திருவனந்தபுரம் போய் வருபவர்களுக்கு ரயில்தான் வசதி. இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகப் போகும் பாதைக்கு ஒரே மாத சீசன் டிக்கெட் போதும். காலை ஏழு மணிக்கே வெறும் வயிற்றுப் பேஷண்டுகள் வரிசையில் நிற்பார்கள் என்பதை மனதில் வைத்து வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

ஆள் மாறாமல் இருக்க

“நீங்கதானே சுசீலா?” என்று கேட்கக் கூடாது. காது மந்தமான பாட்டியோ, பசியில் களைத்திருப்பவரோ எதற்கும் தலையாட்டிவிடுவார். “உங்க பேரு என்ன, வயசு என்ன?” என்று கேட்டு, அவர் வாயால் சொல்ல வைத்து, ஓ.பி. சீட்டின் எண்ணோடு ஒப்பிடுங்கள். எல்லைப் பகுதியில் கூடுதல் கவனம் தேவை. தமிழ்நாட்டில் இனிஷியல் பெரும்பாலும் முன்னால் வரும், கேரளத்தில் பலருக்குப் பின்னால் வரும், சிலர் வீட்டுப் பெயரையும் சேர்ப்பார்கள். ஒரே ஆள் இரண்டு பதிவாகவும், இரண்டு ஆள் ஒரே பதிவாகவும் மாறுவது இங்கேதான்.

மலையாளம் பேசுபவரிடம் “ஒந்நும் கழிச்சில்லல்லோ?” (எதுவும் சாப்பிடவில்லையே), “தல கறங்ஙுந்நுண்டோ?” (தலை சுற்றுகிறதா) என்ற இரண்டு கேள்வியாவது தெரிந்திருக்க வேண்டும். வெறும் வயிறா என்று கேட்டால் போதாது; காலையில் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) குடித்தீர்களா என்று தனியாகக் கேளுங்கள். சாயாவைச் சாப்பாட்டில் சேர்க்காதவர்கள் நிறையப் பேர். அதிலுள்ள சர்க்கரை ரிப்போர்ட்டில் வந்துவிடும்.

ரத்தம் எடுக்கும்போது

கட்டும் பட்டையை, குத்தப்போகும் இடத்துக்கு மூன்று நான்கு அங்குலம் மேலே கட்டுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நேரமானால் நீர் வெளியேறி ரத்தம் கெட்டியாகும். புரதம், கால்சியம் எல்லாம் உள்ளதைவிட உயர்ந்து தெரியும். ரத்த நாளம் தேட நேரம் எடுத்தால் பட்டையை அவிழ்த்து, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி கட்டுங்கள். கையை மூடித் திறந்து மூடச் சொல்வதும் தவறு, பொட்டாசியம் ஏறும். ஒரு முறை மூடிப் பிடித்தால் போதும்.

70 சதவீத ஆல்கஹாலால் துடைத்த பின் 30 வினாடி காய விடுங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும், ரத்த அணுக்களும் உடையும். 21 அல்லது 22 கேஜ் ஊசி, வெட்டு முகம் மேலே பார்க்க, 15 முதல் 30 டிகிரி சாய்வு. டிரிப் ஏறும் கையிலும், மார்பக அறுவை செய்த பக்கத்துக் கையிலும் எடுக்க வேண்டாம்.

ட்யூப் வரிசையைக் காரணத்தோடு படித்தால் மறக்காது. ப்ளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) இருந்தால் அது முதலில், கிருமி கலக்காமல் இருக்க. அடுத்து வெளிர் நீல மூடி (உள்ளே சிட்ரேட்), பிறகு சிவப்பு அல்லது மஞ்சள் மூடி (சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்), பச்சை (ஹெப்பாரின்), ஊதா (ஈ.டி.டி.ஏ.), கடைசியில் சாம்பல் (ஃப்ளோரைடு). ஊதா ட்யூபில் இருப்பது ஈ.டி.டி.ஏ.யின் பொட்டாசியம் உப்பு. அதில் துளி சீரம் ட்யூபுக்குப் போனால் பொட்டாசியம் தாறுமாறாக ஏறும், கால்சியம் விழும், அல்கலைன் ஃபாஸ்ஃபட்டேஸ் என்ற என்சைம் குறையும். ஊதாவில் எடுத்த ரத்தத்தை “சீரத்துக்குக் கொஞ்சம் குறையுது” என்று சிவப்பில் ஊற்றிச் சமாளிப்பது எந்த நிலையிலும் கூடாது. அந்த ரிப்போர்ட்டை நம்பி டாக்டர் மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

வெளிர் நீல ட்யூபில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட்: 0.3 மி.லி.க்கு 2.7 மி.லி. குறைவாக நிரப்பினால் சிட்ரேட் மிஞ்சி, ரத்தம் உறைய உள்ளதைவிட அதிக நேரம் எடுப்பதாக பி.டி. (உறையும் நேரச் சோதனை) காட்டும். கோடு வரை வராவிட்டால் புது ட்யூபில் மறுபடி எடுங்கள்.

நிரம்பியதும் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். சிட்ரேட்டை மூன்று நான்கு முறை, சீரத்தை ஐந்து முறை, மற்றவற்றை எட்டு முதல் பத்து முறை. குலுக்காதீர்கள். சிரிஞ்சில் எடுத்தால் ஊசியைக் கழற்றிவிட்டு, ட்யூபின் சுவர் வழியாக ரத்தத்தை வழிய விடுங்கள். ஊசி வழியாக அழுத்தித் தள்ளினால் அணுக்கள் உடைந்து சீரம் சிவக்கும், பொட்டாசியமும், அணுக்களுக்குள் இருக்கும் எல்.டி.எச். என்ற என்சைமும் பொய்யாக உயரும்.

லேபிளை, ரத்தம் எடுத்த பின், பேஷண்ட் எழுந்து போகும் முன் ஒட்டுங்கள். காலையிலேயே பெயர் எழுதி அடுக்கி வைத்த வெறும் ட்யூப்கள்தான் ஆள்மாறாட்டத்தின் தொடக்கம்.

சாம்பிள் பயணம்

எல்லை ஊர்களில் சின்ன கலெக்‌ஷன் சென்டர்கள் நிறைய. காலையில் எடுத்ததை பைக்கிலோ பஸ்ஸிலோ மெயின் லேபுக்கு அனுப்புவார்கள். தனியாகப் பிரிக்காத ரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை. மூன்று மணி நேரம் தாமதமானால் சர்க்கரை நோயாளிகூட நலமாகத் தெரிவார். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடி ட்யூபில் ஃப்ளோரைடு. சீரம் ட்யூபை அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து உறைய விட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் (சுழற்றும் மெஷினில்) வைத்துப் பிரித்து அனுப்புங்கள். பிரிக்காத சாம்பிளை ஐஸ் பெட்டியில் போடுவது நல்லது என்று நினைக்கிறார்கள். குளிரில் அணுக்களுக்குள்ளிருந்து பொட்டாசியம் கசிந்து சீரத்தில் சேரும். பிரித்த பின் குளிரில் வைக்கலாம்.

ஊசி குத்திவிட்டால்

மூடியை இரு கையால் திரும்ப மாட்டும் பழக்கம்தான் பெரும்பாலும் காரணம். குத்தினால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், ப்ளீச் ஊற்ற வேண்டாம். உடனே சூப்பர்வைசரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பதுதான் உண்மையான ஆபத்து. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரத்துக்குப் பின் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் கூடிய விரைவில், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள்.

மருத்துவக் கழிவு விதி 2016-இல் வந்த மத்திய அரசின் விதி. எல்லையின் இரு பக்கமும் நிறம் ஒன்றே. ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளில், ஊசி இல்லாத சிரிஞ்சும் கையுறையும் சிவப்பில், ஊசி வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். வெள்ளை டப்பா முக்கால் நிறைந்ததும் மூடிவிடுங்கள். கீழே ரத்தம் சிந்தினால் துணியால் மூடி, 1 சதவீத ஹைப்போகுளோரைட் (ப்ளீச் கரைசல்) ஊற்றிப் பத்து நிமிடமாவது விட்டுத் துடையுங்கள். 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், பழையதில் வீரியம் இருக்காது.

லாக் புக்கை அன்றன்றே எழுதுங்கள். எத்தனை பேருக்கு எடுத்தோம் என்ற எண்ணிக்கையோடு, எத்தனை சாம்பிள் திரும்பி வந்தது, ஏன் வந்தது என்பதையும் குறியுங்கள்: உறைந்தது, சிவந்தது, அளவு குறைந்தது, பெயர் மாறியது. வாரம் ஒரு முறை சீனியர் டெக்னீஷியனிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். மொத்தமாகக் கடைசி வாரத்தில் வாங்கலாம் என்று விட்டால், அதற்குள் அவர் லீவில் போயிருக்கலாம், வேறு பிரிவுக்கும் மாறியிருக்கலாம்.