வாள் வீசுமுன் பெர்னார்டிடம் போங்கள்

2018-இல் வந்த கிங்டம் கம்: டெலிவரன்ஸ் வீடியோ விளையாட்டில் முதல் சில மணி நேரம் யாரிடம் மோதினாலும் அடிதான் விழும். உங்கள் விரல்களைக் குறை சொல்லாதீர்கள். கதை 1403-ஆம் ஆண்டு பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) நடக்கிறது. நீங்கள் ஆடும் ஹென்றி ஒரு கொல்லன் மகன். வாளைச் சரியாகப் பிடிக்கக்கூட அவனுக்குத் தெரியாது.

ரத்தாய் ஊரில் கேப்டன் பெர்னார்ட் பயிற்சியைத் தொடங்கி வைத்ததும், கதையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அவருடன் மரவாளால் மோதிக்கொண்டே இருங்கள். சலிக்கும்தான், ஆனால் மாஸ்டர் ஸ்ட்ரைக் என்ற பதிலடி வித்தையைக் கற்றுத் தருபவர் அவர்தான். எதிரி வாளை வீசும்போது பச்சைக் கேடயக் குறி பளிச்சிடும். அந்தக் கணத்தில் தடுப்புப் பொத்தானைத் தட்டினால் போதும், ஹென்றியே தடுத்துத் திருப்பி அடித்துவிடுவான்.

நான் செய்த தப்பு, பொத்தானைப் படபடவென்று தட்டியது. ஸ்டாமினா, அதாவது ஹென்றியின் தெம்பு, தீர்ந்துவிட்டால் அடி நேரே உயிரில் இறங்கும். இரண்டு வீச்சு, ஒரு எட்டு பின்னால், அப்புறம் மூச்சு வாங்கட்டும். இரும்புக் கவசக்காரனிடம் வாள் அவ்வளவாக எடுபடாது. மேஸ் (கதாயுதம்) எடுத்து மண்டையில் போடுங்கள். மூன்று பேர் சேர்ந்து வந்தால்? குதிரை ஏறி ஓடிவிடுங்கள், வெட்கமே வேண்டாம்.