பிரஷர் மெஷினைப் பீரோவில் பூட்டுங்கள்

ரங்கூன் தாம்வேயில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஏதோ பெரிய நோய் இருக்குமோ என்ற பயத்திலேயே ஒரே சாயங்காலத்தில் இரண்டாம் தடவையாக வந்து, "அண்ணே, இன்னொரு வாட்டி பிரஷர் பாருங்க" என்று கையை நீட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களிடம் காசு வாங்க எனக்கே கூச்சமாகிவிட்டது.

படபடப்பு, கைநடுக்கம், நெஞ்சில் இறுக்கம் எல்லாம் உங்களுக்கு நிஜமாகத்தான் வருகிறது. பயந்தால் அட்ரினலின் என்கிற ஹார்மோன் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், மூச்சு அடிக்கடி வாங்கி விரல் நுனி மரத்துப்போகும். அதைப் பார்த்து இன்னும் பயந்தால் இன்னும் சுரக்கும். அந்த நேரத்தில் அளந்தால் பிரஷரும் கூடுதலாகத்தான் காட்டும். போதாததற்கு, வாயில் குன்யா என்கிற பர்மா வெற்றிலைப்பாக்கு, கையில் கெட்டித் தேநீர். பாக்கும் தேயிலையும் கூடப் படபடப்பைத் தரும்.

முதல் வேலை, ஒரே ஒரு டாக்டரிடம் முழுதாகக் காட்டுவது. படபடப்பு என்றால் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். பர்மா காசநோய் அதிகமுள்ள நாடு. இரண்டு வாரம் தாண்டிய இருமலை மனப்பிரமை என்று தள்ளாதீர்கள். சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண் இவையும் அப்படியே. நெஞ்சுவலியோடு வியர்த்தால் உடனே ஆஸ்பத்திரி.

ரிசல்ட் நல்லபடியாக வந்த பிறகுதான் கஷ்டமான வேலை. அதே பரிசோதனையை வேறு கிளினிக்கில் செய்யாதீர்கள். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று நாளெல்லாம் அமுக்கினால், அமுக்கின இடமே வலிக்கும். அந்த வலி அடுத்த சந்தேகத்தைக் கிளப்பும். தொட்டுப் பார்க்கத் தோன்றும்போது கால்மணி நேரம் தள்ளிப்போடுங்கள். பிறகு அரைமணி. பயம் ஏறும், நீங்கள் ஒன்றும் செய்யாமலே இறங்கும். இதை உடம்பு அனுபவித்துத்தான் கற்க வேண்டும், நான் சொல்லி வராது. டாக்டர் தினமும் அளக்கச் சொல்லாதவரை மெஷினைப் பூட்டிச் சாவியை வீட்டம்மாவிடம் கொடுங்கள். ராத்திரி போனில் நோய்க்குறி தேடுவதும் அதே கணக்குதான்.

வீட்டிலிருப்பவர்களே, "ஒண்ணுமில்லப்பா" என்று பத்து முறை சொல்லாதீர்கள். அந்த ஆறுதல் ஒருமணி நேரம்கூடத் தாங்காது. "பயமா இருக்கா? வா, கண்டோஜி ஏரிப் பக்கம் நடந்துட்டு வரலாம்" என்று கிளப்புங்கள்.

ஆறு மாதமாகியும் இந்த நினைப்பே வேலையைக் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சை இதற்கு நன்றாகவே பலிக்கிறது. மாத்திரை எழுதினால் பலன் தெரியச் சில வாரமாகும். அதுவரை தூக்க மாத்திரை கேட்டு என்னிடம் வராதீர்கள். பழகிப் போனால் விடுவது பெரும்பாடு.

இன்னொரு ரகம் உண்டு. கெட்ட செய்தி வந்துவிடுமோ என்று கிளினிக் வாசலையே மிதிக்காதவர்கள். அதுவும் இதே நோய்தான். அவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துப் போய், ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வர வேண்டும்.