பேரூராட்சியின் மின்செலவைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

ஊராட்சியோ பேரூராட்சியோ, அதன் மின்சாரம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் செலவாகிறது: குடிநீர் ஏற்றும் மோட்டார்கள், தெருவிளக்குகள். அலுவலகத்து மின்விசிறியும் கணினியும் அவற்றுக்கு முன் அற்பம். ஆகவே, தூய ஆற்றல் குறித்து மன்றத்தில் தீர்மானம் போடுவதற்கு முன், கடந்த ஓராண்டின் மின்கட்டண விவரத்தைச் செயல் அலுவலரிடமிருந்து இணைப்பு எண் வாரியாகப் பெற்று, எந்த இணைப்பு எந்த மோட்டாருக்கு, எந்தத் தெருவின் விளக்குப் பெட்டிக்கு உரியது என்று நேரில் போய்ப் பார்த்து ஒரு பேரேட்டில் எழுதிவிட வேண்டும். வற்றிப்போய்க் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றின் இணைப்புக்கு இன்னும் பணம் கட்டப்பட்டு வந்தால், அது இந்தச் சுற்றில்தான் தெரியவரும்.

அதிகக் கவனம் கேட்பவை மோட்டார்கள். ஆயிரம் லிட்டர் நீரை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், 0.00272 யூனிட் போதும். 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மோட்டார் ஓடும்போது கிணற்றில் இருக்கும் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் வாய் வரை 50 மீட்டர் உயரம் என்றால், அதை நிரப்பக் கணக்குப்படி ஏறத்தாழ 4 யூனிட் ஆகும். குழாய் உராய்வையும் மோட்டார், பம்ப் இழப்புகளையும் சேர்த்து 8 யூனிட் வரை போவதை ஏற்கலாம். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம்: தொட்டி காலியானதும் ஊருக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடி, மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு மோட்டாரைப் போட்டு, தொட்டி நிரம்பி வழியத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, மறுபடி எண்ணைப் பார்த்தால் விடை கையில் இருக்கும். 12, 13 என்று ஓடியிருந்தால் கோளாறு உண்டு. பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், குழிக்குள் இறங்கும் குழாய் கசியலாம், அல்லது அந்த ஆழத்துக்குப் பொருந்தாத பம்ப் மாட்டப்பட்டிருக்கலாம். அந்த மோட்டாருக்கு எத்தனை முறை காயில் கட்டப்பட்டிருக்கிறது என்று தொட்டி இயக்குபவரைக் கேளுங்கள். நான் கேட்ட ஓர் ஊரில் அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, இரண்டாம் கைக்கு மாறினார். அப்படிப்பட்ட மோட்டாரை மறுபடியும் பழுது பார்ப்பதைவிட, நட்சத்திரக் குறியீடு கொண்ட புதியதை வாங்குவதே சிக்கனம்.

தெருவிளக்குக் கணக்கு எளிது. தாமிரச் சோக்குடன் எரியும் பழைய 40 வாட் டியூப்லைட் உண்மையில் 50 வாட்டுக்கு மேல் எடுக்கும். அதன் இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போதுமானது. விளக்குக்கு 30 வாட் மிச்சம் என்றே கொண்டாலும், 500 விளக்குகள் இரவுக்கு 11 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்குச் சுமார் 60,000 யூனிட் குறையும். சுவிட்ச் பெட்டியில் தானியங்கி டைமர் பொருத்தினால், விடிந்து வெயில் ஏறிய பிறகும் விளக்கு எரியும் காட்சி இருக்காது. கம்பி போகாத குடியிருப்புகளைத் தவிர மற்ற இடங்களில் பேட்டரி வைத்த சோலார் தெருவிளக்குகளை நான் பரிந்துரைப்பதில்லை. சில ஆண்டுகளில் பேட்டரி செத்த பின் அதை மாற்றுவதற்கு எந்த ஊரும் பணம் ஒதுக்கி வைப்பதில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகே உற்பத்திக்கு வர வேண்டும், ஏனெனில் குறைந்துபோன தேவைக்குச் சிறிய அமைப்பே போதும். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் பகுதியில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேண்டும். அலுவலகக் கூரை, சமுதாயக் கூடம், நீரேற்று நிலையம் என இடங்களை அளந்து, கட்டடத்தின் வலுவைப் பொறியாளரிடம் சரிபார்த்துவிட்டு, உபரி மின்சாரம் எவ்வாறு கணக்கில் கொள்ளப்படும் என்பதை மின்வாரியத்திடம் எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளுங்கள்.

சொந்த ஊரில் இடம் போதாது என்றால் ஓடந்துறையை நினைத்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையம் அருகிலுள்ள அந்த ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது, குடிநீர்த் திட்டங்களும் தெருவிளக்குகளும் பெருகப் பெருக ஏறிய மின்கட்டணத்தைச் சமாளிக்க வழி தேடியது. மரக்கழிவை எரிவாயுவாக்கி மோட்டார் ஓட்டும் 9 கிலோவாட் கருவியை முதலில் நிறுவிப் பார்த்தது. பின்னர் 2006இல், ஊராட்சியின் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து, ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. அது நிற்பது ஓடந்துறையில் அன்று. காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடியில். அதன் மின்சாரம் வாரியத்தின் கம்பியில் சேர்ந்தது, ஊரின் தேவை போக மிஞ்சியதன் வருவாய் கடனை அடைக்க உதவியது. சிறிய ஓர் ஊராட்சியை நம்பி வங்கி கடன் கொடுத்ததற்கு, அதன் கையில் சொந்தப் பணமும் ஒழுங்கான வரவுசெலவுக் கணக்கும் இருந்தது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

எதை நிறுவினாலும், தகடுகளைக் கழுவுவது யார், மாதந்தோறும் மீட்டரைப் படித்து எழுதுவது யார் என்பதைப் பதவிப் பெயருடன் தீர்மானத்திலேயே குறிப்பிடுங்கள். எழுதுவதற்குப் புதிய பதிவேடு தேவையில்லை. முதல் சுற்றில் தொடங்கிய பேரேட்டில், அதே இணைப்பு எண்ணின் கீழே அடுத்த வரியில் எழுதினால் போதும்.