யூரின் இன்ஃபெக்‌ஷன் மட்டும்தானா? முதியவர்களின் ஈரல் சீழ்க்கட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, பேச்சில் தடுமாற்றம், உடம்பு லேசாகச் சுடுகிறது. சிறுநீரைச் சோதித்தால் கிருமி இருக்கிறது. "யூரின் இன்ஃபெக்‌ஷன்தான்" என்று வீடே நிம்மதியாகிவிடும். தேடல் அங்கேயே நின்றுவிடுவதுதான் பெரிய தவறு. வயதான பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். அதே சமயம் ஈரலிலும் சீழ் கட்டியிருக்கலாம்.

காமாலை வரட்டும், வலது விலா வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வயதில் சிலருக்குக் காய்ச்சலே அடிக்காது. சிலருக்கு வலி வலது தோளில் தெரியும். வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் நீர் தெரிந்தால் நிமோனியா என்று முடிவுகட்டுவதும் உண்டு. வயிற்றை ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் விஷயம் வெளியே வந்துவிடும்.

அப்புறம், கடையில் கேட்டு வாங்கிப் போடும் ஆன்டிபயாட்டிக். அதற்குப் பிறகு ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினால் ஒன்றும் வளராமல் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால் வைத்தியம் குத்துமதிப்புதான்.

கள் குடிப்பவர் என்றாலே ஈரல் கட்டிக்குக் காரணம் அமீபா என்ற ஒட்டுண்ணிதான் என்று நம் ஊரில் ஒரு கணக்கு உண்டு. காரணமில்லாமல் இல்லை. ஆனால் வயதான சர்க்கரை நோயாளிக்குக் கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாவையும் கட்டாயம் யோசிக்க வேண்டும். அது ரத்தத்தில் பரவி கண்ணையும் மூளையையும் பிடிக்கலாம். பார்வை மங்கினால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மழைக்காலத்தில் வயலில் இறங்கியவர் என்றால் மண்ணிலும் நீரிலும் இருக்கும் பாக்டீரியாவால் வரும் மெலியோடோசிஸ் என்ற நோயையும் மறக்கக் கூடாது. ஈரலோடு மண்ணீரலிலும் கட்டிகள் வரலாம், மருந்து மாதக்கணக்கில் ஓடும்.

மற்ற பாக்டீரியாக் கட்டிகளுக்கும் 4 முதல் 6 வாரம் மருந்து தேவைப்படும். பெரிய கட்டி என்றால் சீழை ஊசியாலோ குழாயாலோ எடுப்பார்கள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் கட்டி திரும்ப வரலாம். அமீபாவுக்கு மெட்ரோனிடசோல் முடிந்த பிறகு, குடலில் மிஞ்சியிருப்பதை ஒழிக்க இன்னொரு மருந்தும் உண்டு. அதை எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள்.

எல்லாம் சரியான பிறகும் ஒரு கேள்வி பாக்கி: பாக்டீரியா எப்படி ஈரலுக்குப் போனது? பித்தப்பைக் கல் போன்ற காரணம் எதுவும் கிடைக்கவில்லை என்றால், கொலனோஸ்கோபி (பெருங்குடலைக் கேமரா குழாயால் பார்க்கும் சோதனை) வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெருங்குடலில் ஒளிந்திருக்கும் புற்றுநோய் சில சமயம் இப்படித்தான் முதலில் தலைகாட்டும்.