எஸ்எம்பிஎஸ் இரைச்சல்: ஹாம்கள் பண்ணக்கூடாத தவறுகள்

ஹாம் ரேடியோல (பொழுதுபோக்கா லைசென்ஸ் வாங்கி பேசுற அமெச்சூர் ரேடியோ) 40 மீட்டர் பேண்ட்ல, 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ட்யூன் பண்ணிட்டுப் போகும்போது, 60 70 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு தடவ அதே கொர்ர்ர்னு ஒரு சத்தம், அதுவும் ஒரே எடத்துல நிக்காம மெல்ல நகர்ந்துட்டே இருந்துச்சுன்னா அது பெரும்பாலும் ஏதாவது ஒரு எஸ்எம்பிஎஸ்தான், அதாவது அடாப்டர், சார்ஜர்ல எல்லாம் இருக்குற ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை.

ஒடனே ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு ஓடி ஃபெரைட் (ஒயர்ல மாட்டி இரைச்சலத் தடுக்குற காந்தப் பொருள்) வாங்காதீங்க, மொதல்ல எது கத்துதுன்னு பாருங்க. ரிக்க (ரேடியோ செட்ட) பேட்டரில ஓட்டி மெயின ஆஃப் பண்ணு, சத்தம் நின்னா நம்ம வீட்டு சாமான்தான்னு எல்லாரும் சொல்லுவாங்க, சரிதான், ஆனா சென்னைல நெறைய வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே, மெயின எறக்குன அடுத்த செகண்டே அது எடுத்துக்கும், ஃபேன், ரவுட்டர் எல்லாம் ஓடிட்டேதான் இருக்கும், பத்தாததுக்கு இன்வெர்ட்டரும் தன் பங்குக்கு இரைச்சல் போடும். இத கவனிக்காம "நம்ம வீடு இல்லப்பா, பக்கத்து ஃப்ளாட்டுதான்"னு முடிவு பண்றவங்க நெறைய பேரு. இன்வெர்ட்டரையும் அணைங்க, அப்புறம் மெயின் போர்டுல ஒவ்வொரு எம்சிபியா (சர்க்யூட் பிரேக்கர் ஸ்விட்ச்) போட்டுப் பாருங்க. பிஎல்டிசி ஃபேன், ஸ்டாண்ட்பைல கெடக்குற செட்டாப் பாக்ஸ் அடாப்டர், இதெல்லாம் விட்றாதீங்க.

அடுத்தது ஃபெரைட். கிளிப் மாதிரி ஒண்ண ஒயர்ல ஒரே ஒரு தடவ மாட்டினா 7 மெகாஹெர்ட்ஸ்ல பெருசா ஒண்ணும் ஆகாது. பெரிய ரிங்கா வாங்கி அதே ஒயர ஏழெட்டு சுத்து சுத்துங்க, சுத்து ரெண்டு மடங்கானா தடுக்குற சக்தி கிட்டத்தட்ட நாலு மடங்கு. எச்எஃப்க்கு (3 லேந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்) 31 நம்பர் மிக்ஸ், அதாவது அந்த வகை ஃபெரைட், கேளுங்க. பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ல இருந்து கழட்டுற மஞ்சள் வெள்ளை ரிங் இரும்புப் பவுடர், இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. ரிக்குக்குப் போற ப்ளஸ் மைனஸ் ரெண்டு ஒயரும் சேந்தே ரிங்குக்குள்ள போகணும், ஒண்ண மட்டும் விட்டா 20 ஆம்பியர் கரண்ட்ல கோர் (அந்த ரிங்) சாச்சுரேட் ஆயிடும், தடுக்குற சக்தி போயிடும்.

எல்இடி போர்டுக்கு விக்கிற தகர டப்பா 12 வோல்ட் சப்ளைய 13.8க்கு ஏத்தி ரிக்குக்கு போடுறாங்க. சில மலிவு பீஸத் தொறந்து பாத்தா உள்ள ஃபில்டர் காயில் வர வேண்டிய எடத்துல ரெண்டு ஒயர் துண்டு பாலம் போட்ட மாதிரி நிக்கும், இத வாங்கவே வாங்காதீங்க. தொறக்குறதுன்னா ப்ளக்க புடுங்கினதுக்கு அப்புறமும் கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் வரைக்கும் தங்கியிருக்கும், ஜாக்கிரத.

எர்த்த மட்டும் வெட்டிறாதீங்க ஓஎம் (ஹாம் பாஷைல நண்பரே). எர்த் இல்லன்னா டப்பாவ தொட்டா சுர்ருங்கும், இரைச்சலும் கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) மேல ஏறி ஆன்டெனா வரைக்கும் போயிடும்.

நெஜமாவே பக்கத்து வீடுதான்னா சண்டைக்குப் போகாம ஒரு பாக்கெட் ஏஎம் ரேடியோவ எடுத்துட்டுப் போய் அவங்க அடாப்டர் பக்கத்துல வெச்சு கேக்க விடுங்க, நல்ல அடாப்டர் ஒண்ணு நம்ம செலவுல வாங்கிக் குடுத்துட்டா அன்னிக்கே பேண்ட் அமைதியாயிடும்.